முன் லாட், பின் லாட்: ஒரு பிக்கப் இழுவைப் போட்டியின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில், தென்கிழக்கு மிச்சிகனில் உள்ள ஒரு வாகன உதிரிபாக ஆலையில் 2016 செப்டம்பர் முதல் 2018 கோடை வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அப்போது நான் அங்கே பணிப் பாதுகாப்புப் பொறியாளர். ஆலையின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இல்லை. முக்கியமான இருவரை அவர்கள் ஓட்டிய பிக்கப்பை, அதாவது பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டியை, வைத்து ராம்காரர், டன்ட்ராக்காரர் என்கிறேன்; ராம் கிறைஸ்லருடையது, டன்ட்ரா டொயோட்டாவுடையது. ஆலைக்குள்ளும் ஏறக்குறைய அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

## பின்னணி

ஆலையில் சுமார் 300 பேர். எஃகுத் தகட்டை அழுத்தி, வளைத்து, வெல்டு வைத்து பிராக்கெட்டுகளும் இருக்கைச் சட்டங்களும் செய்து கொடுப்பது தொழில். ஆலை தொடங்கிய காலத்தில் ஒரே வாடிக்கையாளர், டெட்ராய்ட்டின் பெரிய மூன்று கார் நிறுவனங்களில் ஒன்று. நான் சேர்ந்தபோது கதை வேறு. மூன்றாம் எண் பிரஸ்ஸில் காலையில் டெட்ராய்ட் பிக்கப்புக்கான பிராக்கெட் ஓடும். டையை, அதாவது அச்சை, மாற்றிவிட்டால் பிற்பகலில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் அமெரிக்க ஆலைக்கான பிராக்கெட் ஓடும். எஃகுச் சுருளும் அதே, பட்டனை அழுத்துகிற கையும் அதே.

வாசலில் இருந்த பலகை மட்டும் மாறவில்லை. ஃபோர்டு, ஜி.எம்., கிறைஸ்லர் வண்டிகளுக்கு முன் லாட், அதாவது முன்பக்க வண்டி நிறுத்துமிடம். மற்றவற்றுக்குப் பின் லாட். முன் லாட்டில் தார்த் தரையும் விளக்கும் உண்டு, பனி விழுந்தால் முதலில் அதைத்தான் வழிப்பார்கள். பின் லாட் வெறும் ஜல்லி. அங்கிருந்து ஆலைக் கதவுக்கு 300 மீட்டர் இருக்கும். மிச்சிகன் ஜனவரியில், விடியாத காலை ஆறு மணிக்கு அது சின்ன நடையில்லை.

அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு விதி இருப்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானியக் காரை நடுவில் நிறுத்தி, வரிசையில் நின்று சம்மட்டியால் அடித்த ஊர்கள் அவை. "பசிக்கிறதா? உன் வெளிநாட்டு வண்டியைத் தின்" என்ற பம்பர் ஸ்டிக்கர் அந்தக் காலத்துச் சரக்கு. 2005 மார்ச்சில்கூட, டெட்ராய்ட்டிலுள்ள வாகனத் தொழிலாளர் சங்கத் தலைமையகம் தன் வளாகத்தில் வண்டி நிறுத்திவந்த மரைன் ரிசர்வ் படையினரிடம் வெளிநாட்டு பிராண்ட் வண்டிகளை இனி இங்கே நிறுத்தக் கூடாது என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் சங்கம் இறங்கிவந்தது. படையினர் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

காரைவிடப் பிக்கப்பில் இந்த உணர்ச்சி அதிகம். கார் சந்தையில் டெட்ராய்ட் வெகுவாக இடம் இழந்துவிட்டது, பிக்கப்பில் இழக்கவில்லை. 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் ஃபோர்டின் எஃப் வரிசைதான். அதனால் ஒருவர் ஜப்பானிய பிராண்ட் செடான் வாங்கினால் "சரி, பெட்ரோல் மிச்சம்" என்று விட்டுவிடுவார்கள். பிக்கப் வாங்கினால் கோட்டைக்குள் ஆள் நுழைந்த மாதிரி.

ராம்காரருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. டெட்ராய்ட் நிறுவனம் ஒன்றின் ஆலையில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். 2009-இல் கிறைஸ்லரும் ஜி.எம்.மும் அடுத்தடுத்து திவால் மனு போட்ட காலத்தில் அவர் ஆலை மூடப்பட்டது. எங்களிடம் வந்தபோது சம்பளம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஓட்டியது ராம் 2500, டீசல், கனரக ரகம். டன்ட்ராக்காரர் நாற்பதை நெருங்குபவர், கென்டக்கிக்காரர். அவருடைய அண்ணன் ஜார்ஜ்டவுனில் 1988 முதல் கார் தயாரித்துவரும் டொயோட்டா ஆலையில் வேலை பார்த்தார். அவர்கள் வீட்டுச் சோறு அந்தப் பெயரில்தான் வந்தது. இருவரும் ஒரே வெல்டிங் பிரிவு, ஒரே ஷிஃப்ட்.

என் நிலையையும் சொல்லிவிட வேண்டும். நான் ஓட்டியது ஹோண்டா அக்கார்ட். ஒஹாயோவின் மேரிஸ்வில்லில் 1982 முதல் செய்யப்படும் கார்தான், ஆனாலும் பலகையின்படி பின் லாட். பாதுகாப்புக் குறை எழுதும் அதிகாரியே தினமும் அந்த ஜல்லியில் நடந்து வருபவர் என்பதால் நான் எது சொன்னாலும் "அவர் பின் லாட் ஆள்தானே" என்று எடுத்துக்கொள்ள இடமிருந்தது. இன்னொன்றும் உண்டு. 1982 ஜூனில் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞரை பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றவர் ஒரு கார் ஆலை மேற்பார்வையாளர். கூட இருந்தவர் அவருடைய வளர்ப்பு மகன். ஜப்பானியக் கார்கள் மேலிருந்த கோபம் ஜப்பானியரே அல்லாத ஒருவர் மேல் இறங்கியது. தண்டனை: நன்னடத்தைக் காவலும் 3,000 டாலர் அபராதமும். சிறை இல்லை. அந்த வட்டாரத்தில் வேலைக்குச் சேரும் ஆசியர்களிடம் மூத்தவர்கள் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். எனக்கும் சொன்னார்கள். லாட் விவகாரத்தில் முதல் இரண்டு ஆண்டு நான் வாயே திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

## கண்ணில் பட்டவை

2016 இலையுதிர் காலம். தேர்தல் நேரம், மெக்சிகோ, சீனா, இறக்குமதி வரி என்று உணவறைத் தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதே பேச்சு. செப்டம்பரிலிருந்து லாட்டில் கவனித்தவற்றைக் குறித்துவைத்தேன்.

ஸ்டிக்கர்கள் பெருகின. எதிரி பிராண்டின் சின்னத்தின் மேல் சிறுநீர் கழிக்கும் சிறுவன் படம் பழையது. அது எல்லாப் பக்கத்திலும் இருந்தது. புதிதாக வந்தவை ஆளைக் குறிவைத்தன. பின் லாட்டில் நின்ற ஒரு நிஸான் ஃப்ரன்டியரின் கண்ணாடியில் சோப்பால் "எங்கள் வேலையைத் தின்றவன்" என்று எழுதியிருந்தது. பின் லாட்டுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2009-இல் அரசுப் பணம் வாங்கிப் பிழைத்ததை இழுத்து, முன் லாட் முழுவதற்கும் "ரேஷன் கடை" என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இதில் ஃபோர்டுக்காரர்களுக்குத் தனிப் பெருமை, அவர்கள் நிறுவனம் அந்த மீட்புப் பணத்தை வாங்கவில்லை. முன் லாட்டின் மூன்று பிராண்டுக்காரர்களும் தங்களுக்குள் ஓயாமல் சண்டையிட்டாலும் பின் லாட் என்று வந்துவிட்டால் ஒன்று. பங்காளிச் சண்டைக்கு நம் ஊரில் உள்ள அதே இலக்கணம்.

அக்டோபரில் இரண்டு வண்டிகளில் சாவியால் கீறல். இரண்டும் பின் லாட் வண்டிகள்; அங்கே கேமரா இல்லை.

அதே மாதம் வெல்டிங் பிரிவில் இருவர் தங்கள் பிக்கப்புகளைப் பின்னோடு பின் கட்டி இழுத்துப் பார்த்ததாக ஒரு பேச்சு காதில் விழுந்தது. சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். நூலிழையில் தப்பிய சம்பவங்களைப் பதிவதற்கென்றே என் மேசையில் ஒரு படிவக்கட்டு இருந்தது. அதில் இதை எழுதவில்லை.

## முதல் தலையீடு, அதன் பலன்

நவம்பரில் ஷிஃப்ட் தொடங்கும் முன் நடக்கும் பத்து நிமிடப் பேச்சை இதற்கு எடுத்துக்கொண்டேன். யோசனை எளிது: வண்டி எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டிவிட்டால் சண்டைக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். பொறியாளர்களுக்கு எப்போதும் வருகிற யோசனைதான்.

கோழி வரியில் தொடங்கினேன். 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றின. பதிலுக்கு 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக் ஆகியவற்றுக்கு 25 சதவீத வரி விதித்தார்; 1964 ஜனவரியில் அமலானது. குறி ஃபோக்ஸ்வாகன் மேல். மற்றவற்றின் வரி பிறகு போய்விட்டது, டிரக்குக்கு மட்டும் நிலைத்துவிட்டது. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் பின்தொட்டி இல்லாமல் வெறும் கேபினும் அடிச்சட்டமுமாக இறக்கி 4 சதவீத வரி கட்டின. தொட்டியை அமெரிக்க மண்ணில் பொருத்தினார்கள். 1980-இல் அந்த ஓட்டை அடைபட்டது. அதன் பிறகுதான் இங்கேயே ஆலை. 1983 ஜூனில் டென்னசியின் ஸ்மிர்னாவில் நிஸான் ஆலையிலிருந்து வெளிவந்த முதல் வண்டியே ஒரு பிக்கப்.

அதுவரை கூட்டம் ரசித்தது. அந்தக் காலத்து ஃபோர்டு கூரியர் உண்மையில் மஸ்டா செய்தது, செவர்லே லவ் என்பது இசுசு என்று சொன்னபோது பழைய ஆட்கள் தலையாட்டிச் சிரித்தார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

நான் அடுத்த நாள் உணவறையில் ஒரு அட்டவணை ஒட்டினேன். லாட்டில் நின்ற பிக்கப்புகளின் வின் எண்ணில், அதாவது வண்டியின் அடையாள எண்ணில், முதல் இலக்கம். கண்ணாடிக்கு அடியில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ. பெயர் போடவில்லை, வண்டி வகையும் வரிசையும் மட்டும். முன் லாட்டில் ஒன்பது வண்டிகள் 3-இல் தொடங்கின. சில ஜி.எம். செவர்லே சில்வராடோக்கள் மெக்சிகோவின் சிலாவோவில் செய்தவை. பின் லாட்டில் டன்ட்ரா டெக்சஸின் சான் அன்டோனியோ, ஃப்ரன்டியர் மிசிசிப்பியின் கேன்டன், ஹோண்டா ரிட்ஜ்லைன் அலபாமாவின் லிங்கன்.

லாட்டில் ராம் 2500 டீசல் ஒன்றே ஒன்றுதான். அது மெக்சிகோவின் சால்டியோவில் செய்தது. அட்டவணைக்கு அடியில் நான் ஒரு வரி வேறு சேர்த்திருந்தேன்: ராம் பிராண்டின் உரிமையாளர் ஃபியட் கிறைஸ்லர், பதிவு நெதர்லாந்தில், தலைமையகம் லண்டனில். அன்றைக்கு எல்லாம் சரியான தகவல்.

மூன்றாம் நாள் ராமின் பின்கதவில் காந்தத்தால் ஒரு அகல விளிம்பு மெக்சிகோத் தொப்பி ஒட்டியிருந்தது. ராம்காரர் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இன்னொன்று. பிரஸ் லைனில் மெக்சிகோ வம்சாவளியினர் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் என் அறைக்கு வந்து, உட்காராமலே கேட்டார்: "அந்தத் தொப்பி அவரைக் கேலி செய்யவா, எங்களையா?" நான் அட்டவணையை அன்றே எடுத்துவிட்டேன். அது உணவறைச் சுவரில் இருந்தது நான்கு நாள்.

## 2017 ஜனவரி, ஒரு வெள்ளிக்கிழமை

பந்தயம் டிசம்பரிலேயே பேசி முடிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. பணம் இல்லை.  டன்ட்ரா தோற்றால் அந்த ஆண்டு முழுக்க அதன் பின்கதவில் ராம் ஸ்டிக்கர்; ராம் தோற்றால் அது பின் லாட்டுக்குப் போக வேண்டும், அதன் பழைய இடம் டன்ட்ராவுக்கு. பலகையை மீறி எப்படி நிறுத்துவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்றரை மணி. பின் லாட்டின் கோடி. முந்தைய நாள் பனி வண்டிச் சக்கரங்களில் மிதிபட்டு இறுகியிருந்தது. சுற்றி பதினான்கு பேர், அவர்களில் ஒருவர் சூப்பர்வைசர், போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நம் ஊர் ரேக்ளா பந்தயத்தில்கூடக் கொடி காட்ட ஒரு ஆள் இருப்பார். இங்கே ஒருவர் கையைத் தட்டினார், அதுதான் தொடக்கம்.

இரண்டு பிக்கப்புகளும் முதுகோடு முதுகாக. நடுவே வேட்டைக்குப் போகும்போது சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கப் பயன்படும் நைலான் பட்டை. டன்ட்ரா பக்கம் அது ஹிட்ச் குழாய்க்குள், அதாவது டிரெய்லர் மாட்ட வண்டியின் பின்னால் உள்ள குழாய்க்குள், ஊசி போட்டு மாட்டப்பட்டிருந்தது. ராம் பக்கம் ஹிட்ச் பந்தின், டிரெய்லர் வந்து உட்காரும் எஃகு உருண்டையின், கழுத்தில் கண்ணியாக.

ராம் மூன்று டன்னைத் தாண்டிய வண்டி, டன்ட்ரா அதைவிட அரை டன்னுக்கு மேல் குறைவு. எல்லோரும் ராம்தான் என்றார்கள். எடை குறைவதை ஈடுகட்ட ஒரு இளம் ஒப்பந்தத் தொழிலாளி டன்ட்ராவின் பின்தொட்டியில் ஏறி உட்கார்ந்தார். முதல் இழுப்பில் நடந்தது வேறு. டன்ட்ராவில் புது பனிக்கால டயர், நான்கு சக்கர இழுவை தாழ் கியரில். ராமில் தேய்ந்த டயர், பின் சக்கர இழுவை மட்டும். தொட்டி காலி, டீசல் இன்ஜினின் பாரம் முழுக்க முன்னால். ராமின் பின் சக்கரங்கள் நின்ற இடத்தில் சுழன்றன. டன்ட்ரா அதை இரண்டு மீட்டர்போல இழுத்துப் போனது.

இரண்டாம் சுற்று வேண்டும் என்றார் ராம்காரர். தொட்டியில் இருந்த பையன் குளிர் தாங்காமல் இறங்கிவிட்டார். ராம்காரர் பட்டை தொய்யும்வரை பின்னால் வந்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தார்.

பந்தின் தண்டு முறிந்தது. நீண்டு இழுபட்டிருந்த நைலான் அதை டன்ட்ரா பக்கம் சுண்டியது. பின்கதவின் மேல்விளிம்பைக் கீறி, தொட்டியில் பையன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலாகப் போய், பின் கண்ணாடியை உடைத்து, ஆளில்லாத பக்கத்து இருக்கையின் தலைதாங்கியைப் பிய்த்துக்கொண்டு, டேஷ்போர்டில் கையுறைப் பெட்டிக்கு மேல் போய்ச் செருகியது. ஏறக்குறைய ஒரு கிலோ எஃகு.

நான் போய்ச் சேர்ந்தபோது டன்ட்ராவின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோவும். டன்ட்ராக்காரர் திறந்த கதவில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார், வலது காதிலிருந்து ரத்தம். அவர் முன்னால் பனியில் மண்டியிட்டு, வெறும் விரலால் அவருடைய காலரிலிருந்து கண்ணாடித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தவர் ராம்காரர். இருவரும் பேசவில்லை.

## உடனே செய்தது

காயத்துக்கு முதலுதவி, பிறகு அவசர சிகிச்சை மையம். காதில் நான்கு தையல். லாட்டை மூடினேன். பந்து, பட்டை, ஹிட்ச் மூன்றையும் சீட்டு கட்டி எடுத்துவைத்தேன். பதினாறு பேரிடமும் தனித்தனியாக வாக்குமூலம். போன் பதிவை அழிக்க வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். அன்று இரவு அது பலரிடம் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

## விசாரணையில் தெரிந்தது

பந்தின் தலையில் அதன் தாங்குதிறன் பொறித்திருந்தது: 3,500 பவுண்ட், அதாவது 1,600 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சின்னப் படகு வண்டிக்கானது. முறிவுப் பரப்பைப் பார்த்தபோது பாதி பழுப்பு, பாதி பளபளப்பு. பழுப்பாக இருந்தது பல மாதங்களாகத் திறந்திருந்த பழைய விரிசல், மிச்சிகன் சாலை உப்பு அதற்குள் புகுந்து துருப்பிடித்திருந்தது. பளபளப்பான பாதிதான் அன்று முறிந்தது. அக்டோபரில் நடந்த இழுவையிலும் இதே பந்து என்று ராம்காரரே சொன்னார்.

ஹிட்ச் பந்து சீராக உருளும் டிரெய்லரை இழுக்கச் செய்தது. உதறி இழுப்பதற்கு அல்ல. நைலான் பட்டையோ நீண்டு கொடுத்து, சுருங்கும்போது இழுப்பதற்கென்றே செய்தது. முழு வேகத்தில் மூன்று டன் வண்டி அதை இழுத்தால் அது ஒரு பெரிய உண்டிவில். இரண்டையும் சேர்த்துக் கட்டுவதுதான் ஆட்களைக் கொல்கிற கூட்டணி. இதைப் பத்து நிமிடப் பேச்சில் சொல்லியிருக்க வேண்டும். நான் அந்தப் பத்து நிமிடத்தைக் கோழி வரிக்குக் கொடுத்தேன்.

எந்த வண்டி பெரிது என்பதற்கும் அந்தப் போட்டிக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் அறிக்கையில் எழுதினேன். அது டயரையும் தரையையும் எடை எங்கே விழுகிறது என்பதையும் அளந்தது. இழுவைத் திறனை ஒப்பிட வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொது அளவுமுறை இருக்கிறது, அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் பாரத்தோடு ஏறிக் காட்ட வேண்டும். அதை முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா. டெட்ராய்ட் மூன்றும் சில ஆண்டு கழித்து வந்தன. இந்த வாக்கியத்தை இரண்டாம் வரைவில் அடித்துவிட்டேன். சரியான தகவலை இன்னொரு முறை தவறான இடத்தில் வைக்க வேண்டாம் என்று தோன்றியது.

வாக்குமூலங்களில் கனமானது ராம்காரருடையது. "அந்தத் தாளைப் பார்க்கும்வரை என் வண்டி எங்கே செய்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அந்தப் பெயருக்கு என் முதுகைக் கொடுத்தேன், அதனால் அந்தப் பெயரை வாங்கினேன். நீங்கள் அதைச் சுவரில் ஒட்டினீர்கள்."

## முடிவுகளும் காரணங்களும்

நிர்வாகத்தின் முதல் எண்ணம் இருவரையும் வேலையிலிருந்து எடுப்பது. சங்கக் கிளைப் பிரதிநிதி எதிர்த்தார். நானும் அவர் பக்கம் நின்றேன், ஆனால் காரணம் வேறு. சூப்பர்வைசர் ஒருவர் நின்று படம் எடுத்த ஒன்றுக்கு இருவரை மட்டும் அனுப்பினால், மீதிப் பேர் கற்றுக்கொள்வது கேமரா இல்லாத இன்னொரு இடம் தேடுவதைத்தான். இருவருக்கும் சமமாக மூன்று நாள் சம்பளமில்லாத விலக்கல், சூப்பர்வைசருக்கு எழுத்துபூர்வ எச்சரிக்கையும் ஆறு மாதம் பொறுப்பு நீக்கமும் என்று முடிந்தது. என் அட்டவணையும் ஒரு காரணம் என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டேன். மனிதவளப் பிரிவு அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னது, நான் எடுக்கவில்லை.

ஸ்டிக்கர்களுக்குத் தடை வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. அது அவரவர் சொந்த வண்டி. யார் போய்ச் சுரண்டுவது? அதை விட்டுவிட்டோம்.

பெரிய வாதம் பலகையைப் பற்றி. எந்த வண்டி உயர்ந்தது என்று நாற்பது வயது ஆட்கள் சண்டை போடுவது சிறுபிள்ளைத்தனம் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. அதே தீர்ப்பை முப்பது ஆண்டாக வாசலில் எழுதி வைத்திருந்தது நிர்வாகமே. ஜல்லியும் இருட்டும் பனியும் சேர்ந்த தீர்ப்பு. பந்தயப் பொருளே லாட்தான் என்பதை வாக்குமூலங்களிலிருந்து எடுத்துக் காட்டினேன். டெட்ராய்ட் வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்ற பயத்தில் மூன்று வாரம் போனது. கடைசியில் பொது மேலாளர் அந்த நிறுவனத்தின் கொள்முதல் அலுவலரிடமே போனில் கேட்டார். இப்படி ஒரு பலகை இருப்பதே அந்த அலுவலருக்குத் தெரியாது.

மார்ச்சில் பலகை இறங்கியது. முதலில் வருபவருக்கு முதல் இடம். பின் லாட்டுக்கு விளக்கும் கேமராவும் போட்டார்கள். தார் இன்னும் போடவில்லை. வாடிக்கையாளர் வருகைக்கு ஆறு இடம் முன்னால் ஒதுக்கியது தொடர்ந்தது, அதில் பிராண்ட் நிபந்தனையும் தொடர்ந்தது. அதை என்னால் மாற்ற முடியவில்லை.

## பிறகு

முதல் மாதம் மோசம். முன் லாட்டுக்காரர்கள் எழுபது கையெழுத்தோடு மனு கொடுத்தார்கள். கழற்றி ஸ்டோரில் வைத்த பலகையை யாரோ இரவில் எடுத்து வந்து பழைய கம்பத்திலேயே கம்பியால் கட்டியிருந்தார்கள். இரண்டு முறை இப்படி நடந்தது; மூன்றாம் முறை நடக்காமலிருக்க நான் அதைப் பழைய இரும்போடு போட்டேன். மே மாதம் மறுபடி ஒரு வண்டியில் கீறல், இந்தத் தடவை புது சில்வராடோ. யார் என்று தெரியவில்லை. அதன் பிறகு இல்லை. கோடைக்குள் வரிசைகள் கலந்துவிட்டன. காலை ஆறு மணிக்கு வருபவனுக்குக் கதவுக்குப் பக்கத்து இடம் முக்கியமே தவிர, பக்கத்தில் நிற்பது எது என்பது முக்கியமாக இல்லை.

காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டும் கைவிரித்தன, போட்டிக்கு ஓட்டிய வண்டிக்குப் பணம் தரமாட்டோம் என்று. ராம்காரர் கண்ணாடிக்கும் டேஷ்போர்டுக்கும் நான்கு தவணையில் பணம் கொடுத்தார். டன்ட்ராக்காரர் ஒவ்வொரு தவணைக்கும் காகிதத்தில் ரசீது எழுதிக் கொடுத்தார். அவர்கள் நண்பர்களாகிவிடவில்லை. வெல்டிங் பிரிவில் வேலை விஷயம் பேசிக்கொண்டார்கள், அது போதுமானதாக இருந்தது.

ஏப்ரலில்தான் ஒன்றைக் கவனித்தேன். எங்கும் நிறுத்தலாம் என்றான பிறகும் ராம் பின் லாட்டின் கோடியில், ஜல்லியில் நின்றது. ராம்காரர் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுகிறவர், முன் லாட்டில் நல்ல இடம் அவருக்குக் காத்திருக்கும். நான் கேட்கவில்லை. முதல் சுற்றில் தோற்றவர் அவர்தான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

## மீண்டும் நடந்தால் மாற்றுவது

அக்டோபர் இழுவை காதில் விழுந்த அன்றே படிவத்தில் ஏற்றியிருப்பேன். அந்தப் பந்தை அப்போதே பார்த்திருந்தால் விரிசல் கண்ணில் பட்டிருக்கும். பலகை விவகாரத்தை முதலில் எடுப்பேன், பேச்சைக் கடைசியில். பேசினால் பட்டையையும் பந்தையும் பற்றி மட்டும் பேசுவேன், கையில் வைத்துக் காட்டி. முறிந்த பந்து இப்போது புதிதாகச் சேருபவர்களின் முதல் நாள் வகுப்பில் கைமாறிச் சுற்றுகிறது. பழுப்புப் பாதியைக் கட்டைவிரலால் தடவாமல் யாரும் அடுத்தவரிடம் கொடுப்பதில்லை.

அட்டவணையை ஒட்டியிருக்கவே மாட்டேன். வின் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, பார்ப்பதா வேண்டாமா என்பதை அவரவரிடம் விட்டிருப்பேன். அப்படி விட்டால் ஆட்கள் தாங்களாகவே வருவார்கள் என்பதற்கு எனக்கு ஒரே ஒரு உதாரணம்தான் இருக்கிறது. 2018 கோடையில் ராம்காரர் என் அறைக்கு வந்தார். வண்டி மாற்றப்போகிறாராம். ஷோரூமில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், உதிரிபாகங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று சொல்லும் சீட்டைப் போனில் படமெடுத்து வந்திருந்தார். 1994 அக்டோபர் முதல் புது கார்களிலும் இலகுரக டிரக்குகளிலும் சட்டம் ஒட்டவைத்த சீட்டு அது.

"இந்தச் சதவீதம் எங்கள் நாட்டுடையதா?"

அமெரிக்காவும் கனடாவும் சேர்த்துக் கணக்கிடுவது, பிரித்துக் காட்டமாட்டார்கள் என்றேன்.

"கனடாவையும் சேர்த்தா?" கொஞ்ச நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கடைசிப் பொருத்தம் எங்கே என்று எங்கே போட்டிருக்கிறது?"

காட்டினேன். ஸ்டெர்லிங் ஹைட்ஸ், மிச்சிகன்.

அடுத்த வாரம் புது ராம் 1500 வந்தது. அதையும் பின் லாட்டின் கோடியில்தான் நிறுத்தினார்.